ரிப்போர்ட்டில் கறுப்பாக அடித்திருந்தால் என்ன அர்த்தம்?

மாடி வீட்டு அக்கா இரவு ஒன்பதரை மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் போன், முகத்தில் கலவரம். "தம்பி, நீ லேப்ல வேலை பாக்குறவன்தானே, இதக் கொஞ்சம் பாரு. அஞ்சு இடத்துல கறுப்பா அடிச்சிருக்கான்."

காலையில் மாஸ்டர் செக்கப்புக்குப் போய் வந்திருக்கிறார். சாயங்காலமே இருபத்திரண்டு பக்க ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்க நேரம் கிடைத்திருப்பதோ நாளை மறுநாள். நடுவில் இருக்கிற இரண்டு ராத்திரியும் கூகுள் கையில்.

பெரம்பூர் பக்கத்தில் ஒரு சின்ன லேபில் பதினெட்டு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இன்ன நோய், இன்ன மருந்து என்று சொல்வது என் வேலையும் இல்லை. ஆனால் அந்த எண்கள் எப்படி வருகின்றன, எங்கே வழுக்கும் என்பது தெரியும். அன்று அக்காவிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வரம்பைத் தாண்டிய எண்ணைத் தடித்த கறுப்பு எழுத்தில் அச்சடிப்பார்கள், அதைத்தான் அக்கா சொன்னார். அந்த ஐந்து கறுப்பு இவை: ஹீமோகுளோபின் 9.8. எம்.சி.வி. 72. இ.எஸ்.ஆர். 38. எச்.பி.ஏ1சி 6.0. சிறுநீரில் பஸ் செல்ஸ் 8–10. அக்கா கணக்கில் இவை ஐந்து நோய். எனக்கு என்னவோ ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை என்று தோன்றியது.

வலது ஓரத்தில் இருக்கும் வரம்பு

ஒவ்வொரு வரியிலும் உங்கள் எண்ணுக்கு வலது பக்கம் ஒரு வரம்பு இருக்கும். அதை 'நார்மல்' என்கிறோம். பெரும்பாலான டெஸ்டுகளுக்கு அது வந்த வழி எளிமையானது. ஆரோக்கியமான ஆட்கள் பலரிடம் ரத்தம் எடுத்து அளந்து, எண்களை வரிசையாக நிறுத்தி, அடியில் இரண்டரை சதவீதத்தையும் உச்சியில் இரண்டரை சதவீதத்தையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை வரம்பாக வைக்கிறார்கள். ஒதுக்கப்பட்ட ஐந்து சதவீதமும் ஆரோக்கியமான ஆட்கள்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்டுகளை ஒரு நோயும் இல்லாத ஒருவருக்குச் செய்தால், குறைந்தது ஒரு டெஸ்டாவது வரம்பைத் தாண்டுவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் ஐம்பது, அறுபது எண்கள் இருக்கும். ஒரு கறுப்புகூட இல்லாமல் வந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

சுகர், கொலஸ்ட்ரால் போன்றவை இந்தக் கணக்கில் சேராது. அவற்றின் எல்லை, எந்த அளவுக்கு மேல் போனால் கண்ணும் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும் என்று பார்த்துப் போட்ட கோடு. ஊரில் பாதிப் பேருக்கு அதிகமாக இருக்கிறது என்பதற்காக அந்தக் கோடு நகராது.

இன்னொன்று, அலகு. லண்டனில் இருக்கும் மகன் போனில் "எனக்கு சுகர் 5.6" என்றால் அம்மா இங்கே பதறக் கூடாது. அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 100 வரும். தட்டணுவை, அதாவது பிளேட்லெட்டை, ஒரு லேப் 2.4 லட்சம் என்று போடும், இன்னொரு லேப் ஆயிரக் கணக்கில் வெறும் 240 என்று போடும். "போன வாரம் ரெண்டு லட்சம் இருந்துச்சு, இப்ப இருநூத்தி நாப்பதுதான் இருக்கு" என்று ஒருவர் கவுண்டரில் அழுதே விட்டார்.

பழைய ரிப்போர்ட் எங்கே?

அக்காவிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான். "அதெல்லாம் எங்க கிடக்குதோ" என்றவர், மேலே போய் ஒரு மஞ்சப்பையோடு வந்தார். ஈ.பி. கார்டு, கேஸ் ரசீது, பையனின் தடுப்பூசி அட்டை, இவற்றுக்கு நடுவே இரண்டு பழைய ரிப்போர்ட். இரண்டு வருடத்துக்கு முன் ஹீமோகுளோபின் 12.3. போன வருடம் 11.4. இப்போது 9.8.

இந்த மூன்று எண்ணும் சேர்ந்து சொல்வதைத் தனியாக ஒரு 9.8 சொல்லாது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ், கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழ் (நடு மூன்று மாதத்தில் மட்டும் 10.5-க்குக் கீழ்), ஆணுக்கு 13-க்குக் கீழ் போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அக்காவின் 11.4 போன வருடமே அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. 'லேசாத்தான் கம்மி' என்று அதை அப்படியே பையில் போட்டுவிட்டார்.

அடுத்தது எம்.சி.வி. சிவப்பணு ஒவ்வொன்றும் சராசரியாக எவ்வளவு பெரிது என்ற அளவு அது. 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். இரும்புச்சத்து போதாவிட்டால் அணுக்கள் சிறுத்துவிடும், எம்.சி.வி. இறங்கும். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் அணுக்கள் பெருத்து 100-ஐத் தாண்டும். ஆகவே 'ரத்தம் கம்மி' என்றதும் எல்லோருக்கும் ஒரே இரும்பு மாத்திரை என்பது சரியில்லை. பிறவியிலேயே வரும் தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கும் எம்.சி.வி. குறைவாகத்தான் இருக்கும். அவர்களில் இரும்பு குறையாதவருக்கு அந்த மாத்திரையால் பயன் இல்லை. ஒரு சின்னக் குறுக்குவழி உண்டு: எம்.சி.வி.யை சிவப்பணு எண்ணிக்கையால் வகுப்பது. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா கூறின் மீது சந்தேகம், மேலே வந்தால் இரும்புக் குறைவின் மீது. அக்காவின் சிவப்பணு 4.1 (மில்லியன் கணக்கில்). அதாவது 72-ஐ 4.1-ஆல் வகுத்தால் பதினேழரைக்கு மேல். குறுக்குவழி, முடிவல்ல. ஆனாலும் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று காட்டும்.

இப்போது அந்த இ.எஸ்.ஆர். 38. உடம்பில் எங்கோ அழற்சி இருந்தால் ஏறும் எண் இது. ஆனால் வயதானாலும் ஏறும், ரத்தசோகை இருந்தாலும் ஏறும். அணுக்கள் குறைந்த ரத்தத்தில் அவை குழாயில் சீக்கிரம் கீழே இறங்கிவிடும், அவ்வளவுதான். மற்ற அறிகுறி எதுவும் இல்லாமல் இ.எஸ்.ஆர். மட்டும் கொஞ்சம் ஏறியிருப்பதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று மாதத்து சுகர்

அக்காவை அதிகம் உலுக்கியது எச்.பி.ஏ1சி 6.0. சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். அணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக் கடந்த இரண்டு மூன்று மாத நிலவரத்தைச் சொல்லிவிடலாம். 5.7-க்குக் கீழே நார்மல், 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-லிருந்து சர்க்கரை நோய்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. டெஸ்ட் நம்பியிருப்பது அணுவின் வயதை. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். ரத்தம் இழந்தவர்களுக்கும், அணுக்கள் சீக்கிரம் சிதைபவர்களுக்கும் இறக்கிக் காட்டும். அக்காவின் வெறும் வயிற்று சுகர் 92. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே நார்மல், 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 92-ம் 6.0-ம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் இருக்கும் ரத்தசோகையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருப்பது. தண்ணீர் குடிக்கலாம். "ஒரு வாய் காபிதான் சார்" என்பவர்களைத் தினம் பார்க்கிறேன். அந்த ஒரு வாயில் பாலும் சர்க்கரையும் இருக்கிறதே. சாப்பிட்ட பிறகு எடுக்கும் சுகருக்கு இரண்டு மணி நேரம் என்பது முதல் கவளத்திலிருந்து எண்ணுவது. ஆபீசுக்கு நேரமாகிறது என்று ஒன்றேகால் மணி நேரத்திலேயே கையை நீட்டிவிட்டு, 190 வந்ததும் எங்கள் மெஷினைத் திட்டுவார்கள். வேறு சிலர் டெஸ்ட் நாளன்று மட்டும் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார்கள். எண் அழகாக வரும். ஏ1சி அந்த மூன்று மாதத்து பிரியாணியையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

ரத்தத்தை எந்தக் குழாயில் எடுக்கிறோம் என்பதும் இதில் சேர்த்தி. சுகருக்குச் சாம்பல் நிற மூடி போட்ட ட்யூப். அதில் இருக்கும் ஃப்ளோரைடு, அணுக்கள் சர்க்கரையைத் தின்னாமல் தடுக்கும். சாதாரண ட்யூபில் எடுத்துப் பிரிக்காமல் வைத்திருந்தால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை சர்க்கரை குறையும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர், அதை வெயிலில் பைக்கில் வைத்துக்கொண்டு இன்னும் நாலு வீட்டுக்குப் போகிறார் என்றால், கூலர் பெட்டி இருக்கிறதா, எத்தனை மணிக்கு லேபுக்குப் போய்ச் சேரும் என்று தாராளமாகக் கேளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு வழி வேறு. சென்னை டாக்டர் வி. சேஷையா முன்னெடுத்த முறைப்படி 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும். வெறும் வயிற்றில் வர வேண்டிய கட்டாயம் இல்லை. 140-ம் அதற்கு மேலும் வந்தால் கர்ப்பகால சர்க்கரை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மழைக்காலத்துத் தட்டணு

அக்டோபர் பிறந்து மழை தொடங்கினால் எங்கள் லேபில் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" நார்மல் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. டெங்குவில் இது இறங்கும், உண்மைதான். ஆனால் டாக்டர்கள் கூடவே பார்க்கும் இன்னொரு எண்ணை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. அதன் பெயர் பி.சி.வி. ரத்தத்தில் அணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பது அது. டெங்குவில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. ஏறும். 38 இருந்தவருக்கு 46 ஆனால், தட்டணு ஒரு லட்சமே இருந்தாலும் அது கவலைப்பட வேண்டிய விஷயம். ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, காய்ச்சல் விடும்போது. அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து சோர்ந்து விழுவது இதில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர் குடிக்கட்டும், இந்தக் கண்காணிப்பை மட்டும் விடக் கூடாது.

தட்டணு 60,000 என்று வந்த உடனே தட்டணு ஏற்ற வேண்டும் என்பதும் இல்லை. ரத்தக் கசிவு இல்லாதவருக்குப் பொதுவாகப் பத்தாயிரம் போலக் குறையும் வரை ஏற்றுவதில்லை. காய்ச்சலே இல்லாத ஆளுக்குத் திடீரென்று 40,000 என்று வந்தால், சில பேர் ரத்தத்தில் ஊதா மூடி ட்யூபின் மருந்து பட்டதும் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். மெஷின் கொத்தைத் தட்டணுவாக எண்ணாது. கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

காய்ச்சல் பேச்சு வந்ததால் ஒன்று: வைடால் டெஸ்ட் பாசிடிவ் என்பதை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டாதீர்கள். பழைய தொற்றும் வேறு காய்ச்சல்களும்கூட அதைப் பாசிடிவ் ஆக்கும். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்சர்தான் நம்பகமானது. அதுவும் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்தால்.

வரம்புக்குள் ஒளியும் சிறுநீரகம்

கறுப்பு அடித்தவை எல்லாம் நோயல்ல என்றால், கறுப்பு அடிக்காதவை எல்லாம் நலமும் அல்ல. கிரியாட்டினின் அதற்கு நல்ல உதாரணம். தசையிலிருந்து வரும் கழிவு அது, சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டும். பல லேபுகளில் வரம்பு 0.6–1.2. இருபத்தைந்து வயது வாலிபருக்கு 1.1 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 95 போல வரும், நல்லது. 74 வயதுப் பாட்டிக்கும் அதே 1.1 என்றால் திறன் 53 போலத்தான். இரண்டு ரிப்போர்ட்டிலும் எண் ஒன்று, கறுப்பும் இருக்காது. அதனால்தான் பக்கத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு வரி போடுகிறார்கள், அதைப் படியுங்கள். 60-க்குக் கீழ் மூன்று மாதத்துக்கும் மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்துவிட்டு வந்து கொடுத்தால் யூரியாவும் கிரியாட்டினினும் சற்று ஏறி நிற்கும். முந்தின நாள் இரவு மட்டன் வெளுத்துக் கட்டியிருந்தாலும் அப்படித்தான்.

சர்க்கரை நோயாளிகள், பிரஷர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்ப்பது நல்லது. 30-க்குக் கீழே இருக்க வேண்டும். சாதாரண யூரின் டெஸ்டில் புரோட்டீன் 'நில்' என்று வந்தவருக்கும் இதில் புரதக் கசிவு தெரியலாம்.

கல்லீரலுக்கு ஒரு வரி: ஜிம்மில் புதிதாகச் சேர்ந்து உடம்பை முறுக்கிக்கொண்டவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி ஏறும், அது கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது. தைராய்டுக்கு இரண்டு வரி. டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு சுரப்பு பெரும்பாலும் குறைவு. சோம்பேறி வேலையாளை மேஸ்திரி சத்தம் போட்டுக் கூப்பிடுகிற மாதிரி, சுரப்பி மந்தமானால் மூளை டி.எஸ்.எச்.சைக் கூட்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். தைராய்டு டெஸ்டை அது குழப்பிவிடும்.

சிறுநீரும் 29சி-யும்

ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ்' என்று பார்த்துவிட்டு ஒரு தாத்தா, "பஸ்ஸுக்கும் மூத்திரத்துக்கும் என்னப்பா சம்பந்தம், 29சி-யில வந்ததாலயா?" என்று கேட்டார். இந்த பஸ் என்றால் சீழ். கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்கள்தான் அவை. மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை வட்டத்துக்கு ஐந்து வரை இருக்கலாம். அக்காவுக்கு 8–10.

இங்கேதான் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். எபிதீலியல் செல்கள்: 'பிளென்டி'. இவை தோலின் மேல்பரப்பிலிருந்து உதிர்பவை. இவை நிறைய இருந்தால் சிறுநீரோடு வெளித்தோலில் இருந்ததும் சேர்ந்து வந்துவிட்டது என்று பொருள். கிருமிக்கு அடையாளமான நைட்ரைட் இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. "எப்படிக்கா பிடிச்சீங்க?" என்று கேட்டேன். "கப்பை குடுத்தான், பிடிச்சேன்." யாரும் சொல்லித் தரவில்லை. கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும். பிடித்ததை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் அதற்கு மேல் வைத்தால் இரண்டு கிருமி இருந்த இடத்தில் ஊரே கூடிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் சீனியர் ஒருவர் பெனடிக்ட் கரைசலை இன்னும் வைத்திருந்தார். நீல நிறக் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். ஒரு நாள் ஓர் அம்மாவின் சாம்பிள் செங்கலாக மாறியது. ரத்தத்தில் சுகர் 88. சீனியர் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய், "டானிக் பாட்டில்" என்றார். சரியாகக் கழுவாத பாட்டிலில் டானிக் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போதும் சிறுநீரில் சுகர் மூன்று ப்ளஸ் என்று வந்து, ரத்தத்தில் எண் நன்றாக இருப்பதைப் பார்க்கலாம். காரணம் வேறு. பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளின் வேலையே சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதுதான். அதைச் சாப்பிடாதவருக்கு, ரத்தத்தில் 180-ஐத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அதனால் சிறுநீரில் 'நில்' என்பதை வைத்துச் சர்க்கரை நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

நிறத்தைப் பார்த்தும் பயப்படுவார்கள். பீட்ரூட் பொரியல் சிவப்பாக்கும், பி காம்ப்ளெக்ஸ் பளீர் மஞ்சளாக்கும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் ஆரஞ்சாக்கும். இவை எதுவும் இல்லாமல் சிவந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

டாக்டர் தேதிக்குக் காத்திருக்கக் கூடாத எண்களும் உண்டு. பொட்டாசியம் 6-க்கு மேல், சோடியம் 125-க்குக் கீழ், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ், வாந்தியோடு சுகர் 300-க்கு மேல் போய்ச் சிறுநீரில் கீட்டோனும் இருப்பது, இவை அன்றே பார்க்க வேண்டியவை. நல்ல லேப் இப்படி வந்தால் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காது, போன் செய்யும். பொட்டாசியம் மட்டும் ஏறி, கீழே 'ஹீமோலைஸ்டு' என்று எழுதியிருந்தால், எடுக்கும்போதே அணுக்கள் உடைந்து உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே வந்திருக்கலாம். அன்றைக்கே மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கா மூன்று ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார். ஆறு மாதமாக மாதவிலக்கு அதிகமாக இருந்ததை அங்கே போய்த்தான் சொன்னாராம், என்னிடம் சொல்லக் கூச்சம். சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்தார்கள், 6. சேமிப்பில் இரும்பே இல்லை. சரியாகப் பிடித்துக் கொடுத்த சிறுநீரில் பஸ் செல்ஸ் 1–2. இரும்பு மாத்திரை எழுதி, மகளிர் மருத்துவரிடமும் அனுப்பினார்கள்.

நாலு மாதம் கழித்து மறுபடி கதவு தட்டும் சத்தம். ஹீமோகுளோபின் 12.1, ஏ1சி 5.6. "ஒரே இடத்துலதான் கறுப்பு" என்றார், வைட்டமின் டி-யைக் காட்டி. நான் கேட்பதற்கு முன்பே மஞ்சப்பையை மேசையில் வைத்தார். ஈ.பி. கார்டு அதில் இல்லை.